எலும்புத் தொற்றும் காந்தப்புலமும்: ஓர் ஆய்வு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எலும்புத் தொற்றை உண்டாக்கும் நுண்ணுயிரிகளைக் காந்தப்புலம் அழிக்குமா என்னும் வினா, எலும்பு முறிவுக்கான மின்காந்தச் சிகிச்சையின் துணைவிளைவாகத் தோன்றியது. 1974 முதல் 2017 வரை வெளிவந்த முதன்மையான ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்து நோக்கினால், ஒவ்வோர் ஆய்விலும் காந்தப்புலம் உண்மையில் எதன்மேல் செயற்பட்டது என்பது வேறுபடுவதைக் காணலாம். நுண்ணுயிரி, எலும்பு, மருந்து, உலோகம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கலந்து பேசப்பட்டதே இத்துறையின் முரண்பாடுகளுக்குக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: எலும்புத் தொற்று, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், துடிப்பு மின்காந்தப் புலம், உயிர்ப்படலம், மின்காந்தத் தூண்டல், மருத்துவ வரலாறு

1. முன்னுரை

எலும்பில் குடிகொண்ட தொற்றை முற்றாக நீக்குவது மருத்துவத்தில் இன்றும் அரிய செயலாகவே உள்ளது. தொற்றுற்ற இடத்தில் குருதிக்குழாய்கள் அடைபடுவதால் எலும்பின் ஒரு பகுதி இறந்துபோகிறது. இறந்த துண்டுக்குள் குருதி செல்வதில்லை. ஆகவே மருந்தும் செல்வதில்லை, நோயெதிர்ப்பு உயிரணுக்களும் செல்வதில்லை. முறிவைப் பிணைக்க வைத்த தகடோ, திருகோ, செயற்கை மூட்டோ அங்கிருந்தால் நிலைமை மேலும் கடினமாகிறது. இத்தகைய இடத்திற்குத் தோலையும் தசையையும் மாவுக்கட்டையும் தடையின்றிக் கடந்து செல்லும் ஒன்று உண்டெனில், அதன்மீது மருத்துவர்களின் நாட்டம் செல்வது இயல்பே. தாழ் அலைவெண் காந்தப்புலம் அவ்வாறு கடந்து செல்வது. அது போய்ச்சேரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. போய்ச்சேர்ந்தபின் என்ன செய்கிறது என்பதே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான விவாதப் பொருள்.

காந்தத்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கை இதனினும் மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் பரப்பிய ‘உயிர்க்காந்தம்’ என்னும் கொள்கையைச் சோதிக்க 1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியரும் இடம்பெற்றனர். நோயாளிகளின் கண்களைக் கட்டிவிட்டு, காந்தமூட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டதையும் ஊட்டப்படாததையும் அவர்கள் வேறுபடுத்தி உணர்கிறார்களா என்று அக்குழு பார்த்தது. வேறுபாடு தென்படவில்லை. மெஸ்மரின் கொள்கைக்கும் பின்னாளைய மின்காந்தச் சிகிச்சைக்கும் அறிவியல் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் கண்ணைக் கட்டிச் சோதிக்கும் அம்முறை, சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து இவ்வரலாற்றில் வேறு வடிவில் மீண்டும் வருகிறது.

2. எலும்பின் சீழில் கண்ட நுண்ணுயிரி

எலும்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அழற்சிக்கு ‘ஆஸ்டியோமைலைடிஸ்’ என்னும் பெயரை 1844இல் வழங்கியவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நெலாட்டோன். அப்போது அந்நோயின் காரணம் அறியப்படவில்லை. 1880இல் லூயி பாஸ்டர், அறுவை மருத்துவர் லான்லோங்கின் நோயாளியாகிய ஒரு குழந்தையின் எலும்பிலிருந்து வெளியேறிய சீழை ஆராய்ந்து, தோலில் வரும் கொப்புளங்களில் தாம் கண்ட அதே நுண்ணுயிரி அதிலும் இருப்பதை அறிவித்தார். எலும்பு அழற்சியை எலும்பு மஜ்ஜையில் தோன்றிய கொப்புளமாகவே அவர் கருதினார். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழ்க்கட்டிகளை ஆராய்ந்து, திராட்சைக் கொத்துப்போல் திரண்டிருந்த கோளவடிவ உயிரிகளைக் கண்டு, 1882இல் அவற்றுக்கு ‘ஸ்டஃபைலோகாக்கஸ்’ எனப் பெயரிட்டார். பொன்னிறக் குழுமங்களை உண்டாக்கும் வகையை ‘ஆரியஸ்’ என 1884இல் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியரான ரோசன்பாக்.

காரணம் தெரிந்ததால் தீர்வு உடனே வந்துவிடவில்லை. இறந்த எலும்பைச் சுரண்டி எடுப்பது, புண்ணைத் திறந்துவைப்பது, மாவுக்கட்டிட்டு நெடுநாள் அசையாமல் வைப்பது ஆகியனவே பெரும்பாலும் கைக்கொள்ளப்பட்டன. பால்டிமோரில் வில்லியம் பேர் என்னும் அறுவை மருத்துவர் எலும்புத் தொற்றுள்ள குழந்தைகளின் புண்களில் ஈப்புழுக்களை விட்டு, இறந்த திசுவைத் தின்னச் செய்த முறை 1931இல் வெளிவந்தது என்பதே, பெனிசிலினுக்கு முந்தைய காலத்தின் இயலாமையை உணர்த்தப் போதுமானது.

1940களில் பெனிசிலின் வந்தது. அப்பத்தாண்டிலேயே அதை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளும் மருத்துவமனைகளில் பரவின. 1959இல் மெதிசிலின் அறிமுகமாயிற்று. 1961இல் அதற்கும் எதிர்ப்புள்ள வகைகள் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டன. வேதிமருந்து அல்லாத ஒரு வழியைத் தேடும் மனநிலை உருவாகும் சூழல் இது. ஆனால் காந்தப்புலம் எலும்பு மருத்துவத்திற்குள் நுழைந்தது தொற்றின் வாயிலாக அன்று. ஒட்டாத முறிவுகளின் வாயிலாக.

3. கம்பிச்சுருளும் ஒட்டாத எலும்பும்

எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை ஜப்பானின் ஃபுகாடாவும் யசுதாவும் 1957இல் நிறுவினர். அமெரிக்காவில் ஆண்ட்ரூ பாசெட், ராபர்ட் பெக்கர் ஆகியோர் 1962இல் இதனை விரித்துரைத்தனர். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வதற்கு இம்மின்னழுத்தமே சைகையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறாயின், வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தியும் எலும்பை வளரத் தூண்டலாம் அன்றோ? மின்முனைகளை உள்ளே பதிக்க அறுவை தேவை. அதைத் தவிர்க்க, 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் உதவியது. மாறும் காந்தப்புலம் திசுவினுள் தானே மின்புலத்தை உண்டாக்கும். மாவுக்கட்டின்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் போதும். பாசெட், பாவ்லுக், பில்லா ஆகிய மூவரும் 1974இல் இம்முறையை வெளியிட்டனர். 1979இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒட்டாத முறிவுகளுக்கு இதனை ஏற்றது.

ஐரோப்பாவில் இதே காலத்தில் வேறொரு வழி உருவாயிற்று. ஜெர்மனியில் கிராஸ், லெக்னர் ஆகியோர் 1972இல் அறிவித்த முறையில் வெளியே ஒரு சுருளும், உடலுக்குள் உலோகத் திருகுகளோடு இணைந்த மற்றொரு சிறு சுருளும் இருந்தன. வெளிச்சுருளின் காந்தப்புலம் உட்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அது எலும்புக்குப் பாய்ந்தது. இவ்வேறுபாடு பின்னர் மியூனிக் ஆய்வில் முக்கியத்துவம் பெறுவதால் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

பாசெட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1981இல் வெளியிட்ட முடிவுகளில், ஒட்டாத 127 கணைக்கால் எலும்பு முறிவுகளில் 87 விழுக்காடு ஒட்டியதாகக் கூறினர். நோயாளியின் வயதோ, முன்னர் தோல்வியுற்ற அறுவைகளின் எண்ணிக்கையோ, தொற்று இருப்பதோ, உலோகப் பொருத்தி இருப்பதோ இவ்வெற்றியைப் பெரிதும் பாதிக்கவில்லை என்பதும் அவர்கள் கூற்று. இவ்வரலாற்றின் ஒரு திருப்புமுனை இங்கே உள்ளது. தொற்று இருந்தும் எலும்பு ஒட்டியது என்பதே அவர்கள் சொன்னது. காந்தப்புலம் தொற்றைத் தீர்த்தது என்று அவர்கள் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு பெரிது. எனினும் முறிவு அசையாது நிலைபெற்று ஒட்டினால் சீழ் வடிதல் குறைவதும் உண்டு. அதைக் கண்டவர்களுக்குக் காந்தப்புலமே நுண்ணுயிரியைத் தாக்கியதாகத் தோன்றக்கூடும். பின்வந்த ஆய்வாளர்களுள் சிலர் அந்தத் தொலைவைக் கவனியாமல் கடந்தனர்.

87 விழுக்காடு என்ற எண்ணுக்கே ஒரு குறை இருந்தது. ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. நீண்ட நாள் ஒட்டாத முறிவு இனித் தானே ஒட்டாது என்னும் கணிப்பே ஒப்பீடாக நின்றது. இக்கணிப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கர், ஷாரர்டு முதலியோர் சோதித்தனர். ஓராண்டுக்கும் மேலாக ஒட்டாத கணைக்கால் முறிவுடைய 16 பேரில் ஒன்பதின்மருக்கு இயங்கும் கருவியும், எழுவருக்கு அதேபோல் தோன்றும் இயங்காக் கருவியும் வழங்கப்பட்டன. எது எவருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1984இல் வெளியான முடிவு வியப்பளித்தது: இயங்கும் கருவி பெற்ற ஒன்பதின்மரில் ஐவருக்கு எலும்பு ஒட்டியது, இயங்காக் கருவி பெற்ற எழுவரிலும் ஐவருக்கு ஒட்டியது. கருவியோடு சேர்த்து இரு குழுவினருக்கும் விதிக்கப்பட்ட மாவுக்கட்டும் சுமையின்மையும் நெடு ஓய்வுமே எலும்பை ஒட்டவைத்திருக்கலாம்.

பதினாறு பேர் என்பது சிறிய எண் என்ற மறுப்பு நியாயமானதே. ஷாரர்டே மேற்கொண்டு நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், தாமதமாக ஒட்டும் கணைக்கால் முறிவுகள் 45 இடம்பெற்றன. கதிர்ப்படங்களின்படி, இயங்கும் கருவி பெற்ற 20இல் 5 ஒட்டியிருந்தன, 5 ஒட்டும் நிலையை நோக்கி முன்னேறியிருந்தன. இயங்காக் கருவி பெற்ற 25இல் ஒன்று ஒட்டியிருந்தது, ஒன்று முன்னேறியிருந்தது. முன்னதில் எதிர்மறை முடிவுக்குத் துணைநின்ற அதே மருத்துவர் பின்னதில் நேர்மறை முடிவை வெளியிட்டது, இத்துறையின் நேர்மைக்கு ஒரு சான்று. பார்க்கரோ 1985இல், காந்தத் துடிப்பால் மண்டையோட்டின் வழியே மூளையைத் தூண்டும் முறையை உருவாக்கி வேறொரு துறையில் புகழ்பெற்றார். கம்பிச்சுருளின் ஆற்றலை ஐயுற்றவர் என்று அவரைத் தள்ளிவிட இயலாது. எத்தகைய புலத்துக்கு எத்தகைய விளைவு என்று கேட்டவர் அவர்.

எலும்பு பற்றிய இச்சோதனைகளின் பாடம் நுண்ணுயிரி பற்றிய ஆய்வுகளுக்கு மெல்லவே சென்றுசேர்ந்தது.

4. நீர்ம ஊடகத்தில் காந்தப்புலம்

புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோ டெஸ்லா வரை. நுண்ணுயிரி ஆய்வுகளில் பயன்பட்டவை பெரும்பாலும் சில மில்லி டெஸ்லா முதல் 100 மில்லி டெஸ்லா வரையிலான புலங்கள். புவிப்புலத்தைப்போல் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை என்று கொள்ளலாம். நுண்ணுயிரிகள் காந்தத்தை உணரக்கூடும் என்பதற்கு 1975இல் ஒரு திட்டவட்டமான சான்று கிடைத்தது. பிளேக்மோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், புவியின் காந்தப்புலத்தின் வழியே நீந்தும் சேற்று நுண்ணுயிரிகளை விவரித்தார். அவற்றின் உடலுக்குள் காந்த இரும்புத்தாதுப் படிகங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஸ்டஃபைலோகாக்கசில் அத்தகைய படிகங்கள் இல்லை. ஆகவே இவ்வழகிய கண்டுபிடிப்பை எலும்புத் தொற்றுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

1979இல் மூர் வெளியிட்ட ஆய்வு, காந்தப்புலம் நுண்ணுயிரி வளர்ச்சியைத் தூண்டவும் கூடும், தடுக்கவும் கூடும். புலத்தின் வலிமையையும் அலைவெண்ணையும் பொறுத்து அது மாறும் என்றது. இதன்பின் வந்த முடிவுகள் பல திசைகளில் சென்றன. ஜப்பானில் கோனோ முதலியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான காந்தப்புலம் ஆக்சிஜன் இல்லாச் சூழலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசின் வளர்ச்சியைக் குறைத்தது. ஆக்சிஜன் உள்ள சூழலில் குறைக்கவில்லை. 2001இல் ஸ்டான்செல் முதலியோர், நிலையான காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட ஈ. கோலை நுண்ணுயிரியின் மருந்தெதிர்ப்பு கூடியதாகவே அறிவித்தனர். மருத்துவ நோக்கில் இது கவலைக்குரிய முடிவு. நன்மை விளைவிக்கும் என்று கருதிய புலமே மருந்தை மழுங்கச் செய்யவும் கூடுமெனில், ‘பக்கவிளைவு அற்ற முறை’ என்னும் பழகிய சொல்லை எளிதில் வழங்க இயலாது.

எலும்புத் தொற்றுக்கு மிக நெருங்கிய ஒப்பீட்டைச் செக் குடியரசின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். ஃபோய்ட், ஸ்ட்ராஷாக், வெட்டர்ல், ஷ்மர்டா ஆகியோர் மூன்று நுண்ணுயிரிகளை 50 ஹெர்ட்ஸ், 10 மில்லி டெஸ்லா புலத்தில் அரைமணிக்குக் குறைவான நேரம் வைத்தனர். மூன்றிலும் உயிருள்ளவற்றின் எண்ணிக்கை குறைந்தது. நேரமும் வலிமையும் கூடக்கூடக் குறைவும் கூடியது. மிகுந்த விளைவு ஈ. கோலையில். மிகக் குறைந்த விளைவு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசில். எலும்பைத் தாக்கும் முதன்மை நுண்ணுயிரியே காந்தப்புலத்துக்கு மிகக் குறைவாக இசைந்தது என்பது, இவ்வாய்வை மேற்கோள் காட்டும்போது விடுபட்டுவிடக் கூடாத செய்தி.

இங்கே இயற்பியல் ஒரு தடையை வைக்கிறது. யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் 1991இல், சுற்றுப்புறத்தில் உள்ள வலுக்குறைந்த தாழ் அலைவெண் புலங்கள் உயிரணுவில் உண்டாக்கும் மாற்றம் வெப்ப இரைச்சலுக்குள் மறைந்துவிடும் என்று கணக்கிட்டார். ஆய்வகப் புலங்கள் அவர் கருதியவற்றினும் நூறு மடங்கு வலியவை என்பதால் அவர் முடிவை அப்படியே இங்கே பொருத்த இயலாது. ஆனால் கணக்கைச் செய்து பார்க்கலாம். 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள தட்டில் 50 ஹெர்ட்ஸ், 10 மில்லி டெஸ்லா புலம் செங்குத்தாகச் செயற்பட்டால், தட்டின் விளிம்பில் தூண்டப்படும் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லி வோல்ட். ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்ணுயிரியின் குறுக்கே அது 0.06 மைக்ரோ வோல்ட் மட்டுமே. அந்நுண்ணுயிரியின் சவ்வு தானே தாங்கி நிற்கும் மின்னழுத்தமோ ஏறத்தாழ 100 மில்லி வோல்ட்; பத்து லட்சம் மடங்குக்கும் மேல். விளைவு இருக்கவே முடியாது என்பதன்று இதன் பொருள். விளைவைக் கண்டதாகக் கூறுவோர் வழியையும் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்பதே பொருள். சுருளின் கம்பியில் எழும் வெப்பம் தட்டைச் சூடாக்கியதா, தட்டுகள் வைக்கப்பட்ட இடம் ஒத்ததா என்னும் எளிய வினாக்களும் அக்கடமையில் அடங்கும்.

5. மியூனிக் ஆய்வு: ஓர் எண்ணின் அளவு

ஜெர்மானிய மரபில் வந்த மின்காந்தச் சிகிச்சை, எலும்புத் தொற்றுள்ளோரிடத்தும் ஓரளவு தணிவைத் தந்ததாக மருத்துவர்கள் கருதினர். இதற்குக் காரணம் நுண்ணுயிரியின்மேல் நேரடித் தாக்கமா என்பதை ஓபர்மையர், மாட்ல், ஃப்ரீஸ், ஸ்டெம்பெர்கர் ஆகியோர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசைக் கொண்டே சோதித்து 2009இல் வெளியிட்டனர். தாழ் அலைவெண் மின்காந்தப் புலம், அதனோடு கூடுதல் மின்புலம், மாறுதிசை மின்புலம், நேர்த்திசை மின்புலம் என நான்கு நிலைகள் ஒப்பிடப்பட்டன. நீர்ம ஊடகத்தில் 24 மணிநேரத்தில் நான்குமே எண்ணிக்கையைக் குறைத்தன. நேர்த்திசை மின்புலம் 37 விழுக்காடும், மின்காந்தப் புலத்தோடு கூடுதல் மின்புலம் சேர்ந்த நிலை 36 விழுக்காடும் குறைத்தன.

இவ்வாய்வு பெரும்பாலும் இந்த இரு எண்களுக்காகவே நினைவுகூரப்படுகிறது. அவற்றின் அளவை நிதானமாகப் பார்க்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றின் திறன் பத்தின் மடங்குகளில் அளக்கப்படுவது மரபு; 99.9 விழுக்காடு அழிவு, அதாவது மூன்று மடக்கை அலகுக் குறைவே கொல்லும் திறனுக்கான வழக்கமான வரையறை. 36 விழுக்காடு என்பது 0.2 மடக்கை அலகுக்கும் சற்றுக் குறைவு. நல்ல ஊடகத்தில் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் உயிரி, பெருக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் பின்தங்கினாலே இவ்வேறுபாடு தோன்றிவிடும். 24 மணிநேர வளர்ப்பில் பெருக்கம் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதால் இது அளவை உணர்த்தும் ஒப்பீடு மட்டுமே. புள்ளியியல்படி ஐயத்துக்கு இடமற்ற வேறுபாடும் மருத்துவத்தில் பொருளுடைய வேறுபாடும் ஒன்றல்ல.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி இதனினும் முக்கியமானது. கூழ்ம ஊடகத்தில் வளர்த்தபோது, புலத்துக்கு உட்பட்டவற்றுக்கும் உட்படாதவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பினுள் நுண்ணுயிரி வாழும் நிலை, கலங்கலான நீர்மத்தைவிடக் கூழுக்கே நெருக்கமானது. ஆய்வாளர்கள் இரு முடிவுகளையும் ஒளிவின்றி வெளியிட்டனர். மேற்கோள் காட்டியோரே ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டனர். மேலும், வலுவான விளைவைத் தந்த இரு நிலைகளிலும் மின்புலம் இருந்தது. அவற்றுள் ஒன்றில் காந்தப்புலமே இல்லை. காந்தப்புலம் இங்கே மின்சாரத்தைச் சுமந்துவந்த ஊர்தியாக இருந்திருக்கலாம் என்னும் ஐயத்துக்கு இது இடமளிக்கிறது. மின்சாரம் எலும்புத் தொற்றுக்கு எதிராகச் செயற்படக்கூடும் என்பதை, வெள்ளி மின்முனைகளைக் கொண்டு பெக்கரும் ஸ்படாரோவும் 1978இலேயே நோயாளிகளிடத்தில் காட்டியிருந்தனர். ஆனால் அங்கே கொன்றது மின்னோட்டம் விடுவித்த வெள்ளி அயனிகள்.

6. உயிர்ப்படலமும் மருந்தும்

நீர்மத்தில் தனித்து மிதக்கும் நுண்ணுயிரியை ஆராய்ந்து எலும்புத் தொற்றைப் புரிந்துகொள்ள இயலாது என்பது 1980களில் தெளிவாயிற்று. நுண்ணுயிரிகள் பரப்புகளில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூட்டமாக வாழ்வதைக் காஸ்டர்டன் 1978இலிருந்து வலியுறுத்திவந்தார். எலும்பு மருத்துவரான கிரிஸ்டினா அவருடன் இணைந்து, உடலுக்குள் வைக்கப்பட்ட உலோகங்களில் இவ்வுயிர்ப்படலம் உருவாவதை 1985இல் விளக்கினார். உலோகப் பரப்பை முதலில் பிடிப்பது உடலின் உயிரணுவா, நுண்ணுயிரியா என்பதே உள்வைப்பின் தலைவிதியை முடிவுசெய்கிறது என்பது கிரிஸ்டினாவின் கருத்து. படலத்துக்குள் இருக்கும் நுண்ணுயிரி, தனித்து மிதப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மருந்தைத் தாங்கும்.

வினா இப்போது மாறியது. புலம் தனியே கொல்லுமா என்பதற்குப் பதிலாக, புலம் மருந்துக்குத் துணைசெய்யுமா என்று கேட்கப்பட்டது. வலுக்குறைந்த மின்னோட்டம் உயிர்ப்படலத்தின்மேல் கொல்லிகளின் ஆற்றலைப் பெருக்குவதைக் காஸ்டர்டன் குழுவினர் 1992இல் அறிவித்தனர். 1994இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள் காந்தப்புலத்துக்கும் அத்தகைய விளைவு உண்டென்று, சூடோமோனாஸ் ஏருஜினோசா உயிர்ப்படலத்தில் ஜென்டாமைசினைக் கொண்டு காட்டினர்.

எலும்பு மருத்துவத்தில் இவ்வினாவை நேராக எதிர்கொண்டது, பிக்கரிங், பேஸ்டன், ஸ்காமல் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நாட்டிங்ஹாம் ஆய்வு. துருப்பிடிக்கா எஃகு முளைகளின் நுனியில் ஐந்து நாள் வளர்ந்த ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் உயிர்ப்படலங்களை ஜென்டாமைசின் அல்லது வான்கோமைசினில் 12 மணிநேரம் வைத்தனர். ஒரு தொகுதிக்குத் துடிப்பு மின்காந்தப் புலம், மற்றொன்றுக்கு இல்லை. ஜென்டாமைசினோடு செய்த ஐந்து சோதனைகளில் மூன்றில், உயிர்ப்படலத்தைத் தடுக்கத் தேவையான மருந்தின் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. நான்காவதில், லிட்டருக்கு 160 மில்லிகிராம் மருந்தளவில் எண்ணிக்கை இரண்டு மடக்கை அலகு வேறுபட்டது. வான்கோமைசினில் வேறுபாடே இல்லை.

இந்த ‘இல்லை’ என்பதே ஆய்வின் அரிய பகுதி. ஜென்டாமைசின் உயிரணுவுக்குள் புகச் சவ்வின் மின்னழுத்தத்தைச் சார்ந்திருக்கிறது. வான்கோமைசின் உயிரணுச் சுவரின் வெளிப்புறத்திலேயே செயற்படுகிறது, உள்ளே புக வேண்டியதில்லை. புலம் நுண்ணுயிரியைப் பொதுவாக நலிவடையச் செய்திருந்தால் இரு மருந்துகளும் பயன்பெற்றிருக்கும். ஒன்று மட்டும் பயன்பெற்றதால், புலம் தொட்டது மருந்து நுழையும் வாயிலை எனக் கருத இடமுண்டு. இது ஊகமே, ஆயினும் சோதித்து அறியத்தக்க ஊகம். லிட்டருக்கு 160 மில்லிகிராம் என்பது குருதியில் பாதுகாப்பாக எட்டத்தக்க அளவன்று என்ற மறுப்புக்கும் விடையுண்டு. ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் 1970இல் தொடங்கிவைத்த, ஜென்டாமைசின் கலந்த எலும்புச் சிமென்ட்டைச் சுற்றி அத்தகைய உயர்ந்த செறிவுகள் தற்காலிகமாக நிலவுகின்றன.

7. உலோகமே இலக்கு

2017இல் வினா மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்தது. நெதர்லாந்தின் லெய்டனில் பெயில்ஸ் முதலியோரும், அமெரிக்காவின் டல்லஸில் சோப்ரா, கிரீன்பெர்க் முதலியோரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளில், உயர் அலைவெண் மாறுதிசைக் காந்தப்புலம் உள்வைப்பு உலோகத்தைச் சூடாக்கப் பயன்பட்டது. சமையலறையின் தூண்டல் அடுப்பு இயங்கும் அதே விதிதான். உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அலைவெண் உயர உயர அவை உலோகத்தின் புறப்பரப்பிலேயே செறிகின்றன. உயிர்ப்படலம் ஒட்டியிருப்பதும் அதே புறப்பரப்பில். லெய்டன் ஆய்வில் டைட்டானியக் கலவையை 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி மூன்றரை நிமிடம் வைத்தபோது, நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை விழுக்காட்டில் அன்றி, பத்தின் மடங்குகளில் வீழ்ந்தது.

முந்தைய ஆய்வுகளில் விலக்கப்படவேண்டிய பிழையாகக் கருதப்பட்ட வெப்பமே இங்கே மருந்தானது. நுண்ணுயிரியின் உட்பொறியில் காந்தம் ஏதேனும் செய்கிறதா என்னும் புதிர் இம்முறைக்குத் தேவைப்படவில்லை. அதன் இடத்தில் வேறொரு கடினமான கணக்கு வந்து நிற்கிறது. 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் வைத்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்பதை எரிக்சனும் ஆல்ப்ரெக்ட்சனும் 1983இல் காட்டினர். உலோகத்தின் பரப்பில் 60 பாகையும் அதனை ஒட்டிய எலும்பில் 47 பாகைக்குக் கீழும் இருக்கவேண்டும். செயற்கை மூட்டு சீரான உருளையும் அன்று; அதன் மடிப்புகளும் முனைகளும் வெவ்வேறு வேகத்தில் சூடேறும். டல்லஸ் குழுவினர் மிகக் குறுகிய துடிப்புகளை ஆராய்ந்ததன் நோக்கம், வெப்பம் எலும்புக்குப் பரவுமுன் படலத்தைத் தாக்குவதே.

அதே 2017இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் டி மேசி பென்ட்லி முதலியோர் எலும்புத் தொற்றுள்ள எலிகளின் எலும்பை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து மற்றொரு செய்தியை வெளியிட்டனர். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் கோள வடிவை நெருக்கிக்கொண்டு, ஒரு மைக்ரோமீட்டரினும் குறுகிய எலும்பு நுண்கால்வாய்களுக்குள் புகுந்து அங்கே பெருகுகிறது. நோயெதிர்ப்பு உயிரணு எதுவும் நுழைய இயலாத இடம் அது. உலோகப் பரப்பிலிருந்து விலகி, உயிருள்ள எலும்பின் உள்ளே இருப்பதால் உலோகத்தின் வெப்பமும் எலும்பைக் கெடுக்காமல் அங்கே சென்றுசேர்வதில்லை. காந்தப்புலம் மட்டுமே அங்கே செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிரியின்மேல், ஜென்டாமைசின் உடனிருக்கும்போதும் இல்லாதபோதும், அது என்ன செய்கிறது என்பதை அளக்க நீர்ம ஊடகமும் எஃகு முளையும் போதா. தொற்றுள்ள உயிருள்ள எலும்பில், இயங்காச் சுருளை ஒப்பீடாக வைத்து, வெப்பநிலையையும் உடன் அளந்து செய்யும் சோதனையே வேண்டும்.